இவெத்தா ராதிச்சோவா 2011இல் ஆட்சியைப் பணயம் வைத்தது சரியா?

வைகறைவாணி:

ஸ்லோவாக்கியா என்றதும் எல்லோருக்கும் சூசானா சாப்புதோவா பெயர்தான் நினைவுக்கு வருகிறது. அவர் அதிபராவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2010 ஜூலையில், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றவர் இவெத்தா ராதிச்சோவா. அவருக்குப் பிறகு வேறு எந்தப் பெண்ணும் அந்தப் பதவிக்கு வரவில்லை. பதினைந்து மாதத்தில் ஆட்சி கவிழ்ந்ததால் "தோற்றுப்போனவர்" என்று ஒரே வார்த்தையில் அவரை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நடந்தது இதுதான். கிரீஸ் கடன் நெருக்கடி முற்றிய நேரத்தில், யூரோ நாடுகள் தங்கள் மீட்பு நிதியின் (கடனில் தத்தளிக்கும் யூரோ நாட்டுக்குக் கைகொடுக்க எல்லோரும் உத்தரவாதம் தந்து நடத்தும் பொது நிதி) கடன் கொடுக்கும் திறனை 44,000 கோடி யூரோவாக உயர்த்த முடிவு செய்தன. பதினேழு நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். பதினாறு நாடுகள் முடித்துவிட்டன, ஸ்லோவாக்கியா மட்டும் பாக்கி. அந்த நாட்டின் உத்தரவாதப் பங்கு சுமார் 437 கோடி யூரோவிலிருந்து 770 கோடியாக ஏற வேண்டும். கூட்டணியில் இருந்த சாஸ் ('சுதந்திரமும் ஒருமைப்பாடும்') கட்சி மறுத்தது. அதன் தலைவர் ரிஹார்த் சுலீக்தான் அப்போது சபாநாயகர். 2011 அக்டோபர் 11 அன்று ராதிச்சோவா அந்த வாக்கெடுப்பையே தன் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக்கினார். 150 பேர் அவையில் தேவை 76, விழுந்தது 55. ஆட்சி போனது. இரண்டு நாள் கழித்து, முன்கூட்டியே தேர்தல் என்ற ஒப்பந்தத்தோடு எதிர்க்கட்சியான ஸ்மெர் கைகொடுக்க, அதே தீர்மானம் 114 வாக்குகளில் நிறைவேறியது.

யூரோவில் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத நாடு, பதினாறு நாடுகள் ஒப்பிய பிறகு குறுக்கே நின்றிருந்தால் அதன் பேச்சை அப்புறம் யார் மதிப்பார்கள்? பதவியா நாட்டின் வாக்கா என்று வந்தபோது பதவியை விட்டவர் அவர். அது தோல்வியா?

கொங்குக்கணக்கன்:

வாணி மேடம், அந்த நாட்டுச் சம்பளக்காரர் பக்கத்துல இருந்தும் கொஞ்சம் பாருங்க. 2011ல ஸ்லோவாக்கியாவோட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 317 யூரோ. கிரீஸ்ல அப்போ அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல. ஏழை நாடு பணக்கார நாட்டோட கடனுக்கு ஏன் ஜாமீன் நிக்கணும்னு சுலீக் கேட்டது நியாயமான கேள்வி. அதை ஐரோப்பா முழுக்க அடாவடின்னு எழுதினாங்க.

அதோட, இதே ராதிச்சோவா ஆட்சிதான் 2010 ஆகஸ்ட்ல கிரீஸுக்கு நேரடிக் கடன் கொடுக்க மாட்டோம்னு நாடாளுமன்றத்துல தள்ளிவிட்டது. ஏறக்குறைய 80 கோடி யூரோ பங்கு. யூரோ வட்டாரத்துல மறுத்த ஒரே நாடு. அன்னைக்கு நாட்டோட பேச்சு மதிப்பு எங்க போச்சு? ஒரு வருஷத்துல என்ன மாறிச்சு?

என் குற்றச்சாட்டு அவங்க யூரோ நிதியை ஆதரிச்சதுல இல்ல, ரெண்டு வாக்கெடுப்பையும் ஒண்ணா முடிச்சுப் போட்டதுல. தீர்மானம் மட்டும் தோத்திருந்தா மறுபடி கொண்டு வரலாம். ஆட்சி தோத்தா திரும்ப வராது.

தெருவிளக்கு:

ரெண்டு பேருமே அந்த ஒரு ராத்திரியிலேயே நிற்கிறீர்கள். அந்த அரசு செய்த வேறொரு வேலை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2011 ஜனவரி 1 முதல், அரசும் அரசு நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் போடும் ஒப்பந்தங்கள் இணையத்தில் வெளியானால்தான் செல்லும். வெளியிட்ட மறுநாள்தான் நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் அப்படி ஒரு ஒப்பந்தமே போடப்படவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மத்திய அரசு ஒப்பந்தங்களுக்கென்று ஒரு பதிவேட்டுத் தளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், கடவுச்சொல் கிடையாது, மனுப் போட வேண்டாம். தேதி, ஒப்பந்தத்தின் பெயர், தொகை, கொடுப்பவர், வாங்குபவர் என்று வரிசையாக வரும். ஒரு வரியைத் தட்டினால் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தின் நகலே திறக்கும். ஒரு அலுவலகம் துப்புரவு வேலையை எந்த நிறுவனத்துக்கு என்ன விலைக்குக் கொடுத்தது என்பதைப் பக்கத்துத் தெருக்காரர் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

அதே காலத்தில் சட்ட அமைச்சர் லூசியா ஷித்னியான்ஸ்கா நீதிமன்றத் தீர்ப்புகளையும் இணையத்தில் ஏற்ற வைத்தார். தகவல் கேட்டு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பதினைந்து மாதத்தில் இதைச் செய்தவரை எந்த நிதிக்கு வாக்குக் கேட்டார் என்பதை மட்டும் வைத்து எடை போடாதீர்கள்.

கொங்குக்கணக்கன்:

தெருவிளக்கு சார், நீங்க சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். இவ்வளவு நல்ல வேலை நடந்த ஆட்சி, தேர்தல் 2014லதான் வரணும். இன்னும் ரெண்டரை வருஷம் கையில இருந்துச்சு. அதை ஏன் தூக்கிக் கொடுக்கணும்?

கொடுத்ததோட விளைவைப் பாருங்க. 2012 மார்ச் 10 தேர்தல்ல ராபர்ட் ஃபிட்சோவோட ஸ்மெர் 150ல 83 இடம். நாடு தனியா பிரிஞ்ச பிறகு ஒரே கட்சி தனியா ஆட்சி அமைச்சது அதுதான் முதல் தடவை. ராதிச்சோவாவோட கட்சி எஸ்டிகேயூ 28லிருந்து 11க்கு விழுந்தது. ஃபிட்சோ, யான் குட்சியாக் என்ற பத்திரிகையாளர் கொலைக்குப் பிறகு 2018 மார்ச்ல விலகுற வரைக்கும் பிரதமர். ஆறு வருஷம்.

செங்காடு:

கணக்கன், அந்த 11 இடத்துக்கு யூரோ நிதியை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். 2011 டிசம்பரில் 'கொரில்லா' ஆவணம் கசிந்தது. 2005, 2006 வாக்கில் ஒரு பெரிய நிதிக் குழுமத்துக்கும் அரசியல்வாதிகளுக்கும் இருந்த உறவை உளவுத்துறை ஒட்டுக்கேட்டதாகச் சொல்லப்பட்ட பதிவுகள். அந்தக் காலத்தில் ஆட்சியில் இருந்தது மிக்குலாஷ் ட்சுரிந்தா தலைமையிலான இதே எஸ்டிகேயூ. குளிரில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ஆட்சி நீடித்திருந்தாலும் அந்தக் கட்சிக்கு அடி நிச்சயம்.

எனக்கு ராதிச்சோவா மேல் வேறு வருத்தம் உண்டு. சமூகவியல் பேராசிரியர், அந்தத் துறையில் ஸ்லோவாக்கியாவின் முதல் பெண் பேராசிரியர். கம்யூனிச ஆட்சிக்கு எதிரான 1989 புரட்சியில் உருவான 'வன்முறைக்கு எதிரான பொதுமக்கள்' இயக்கத்தின் பேச்சாளராக இருந்தவர். வறுமையையும் குடும்பங்களின் நிலையையும் ஆராய்ந்தவர். அப்படிப்பட்டவர் தலைமையில் இருக்கும்போதே, 2011 கடைசியில் ஊதியம் கேட்டு சுமார் 2,400 அரசு மருத்துவமனை மருத்துவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனைகளில் நெருக்கடி நிலையை அறிவித்தது. கடைசியில் சம்பளத்தை உயர்த்தித்தான் பிரச்சினை தீர்ந்தது. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா? வங்கிகளைக் காப்பாற்ற ஒரே ராத்திரியில் ஆட்சியையே கொடுக்க முடிந்தவர்களுக்கு, மருத்துவர்களோடு பேச அவ்வளவு தயக்கம் ஏன்?

வைகறைவாணி:

செங்காடு தோழர், மருத்துவர் விஷயத்தில் உங்கள் கோபம் புரிகிறது. அந்த நேரத்தில் அது முழு அதிகாரம் இல்லாத காபந்து அரசு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கணக்கன் கேட்ட 2010 கேள்விக்கு வருகிறேன். கிரீஸுக்கு நேரடிக் கடன் என்பது முந்தைய ஃபிட்சோ அரசு ஒப்புக்கொண்டு வந்தது, ஒரு நாட்டுக்கு நேராகக் கொடுக்கும் பணம். மீட்பு நிதி பொதுவான உத்தரவாதம், நாளைக்கு ஸ்லோவாக்கியாவுக்கே ஆபத்து வந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. இரண்டையும் பிரித்துப் பார்த்த அரசு அது. 2010லேயே கடனை மறுத்துவிட்டு நிதியில் சேர்ந்துகொண்டது. முரண் எதுவும் இல்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு 2009 ஏப்ரல் போதும். அதிபர் தேர்தலில் இவான் கஷ்பரோவிச்சிடம் 44 சதவீத வாக்கு வாங்கித் தோற்று சில வாரம்தான் ஆகியிருந்தது. நாடாளுமன்றத்தில் இல்லாத சக உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய வாக்குப் பொத்தானை இவர் அழுத்திவிட்டார். விஷயம் வெளியானதும் உறுப்பினர் பதவியையே துறந்தார். ஒரு மன்னிப்போடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

கொங்குக்கணக்கன்:

அதுதான் பிரச்சினையே. எதுக்கெடுத்தாலும் பதவியைத் தூக்கி மேஜை மேல வைக்கிறது. 2010 டிசம்பர்ல தலைமை அரசு வழக்கறிஞர் தேர்வு. பழைய ஆள் தொப்ரோஸ்லாவ் த்ரன்கா திரும்ப வந்தா விலகிடுவேன்னு அறிவிச்சாங்க. ரகசிய வாக்கெடுப்புல கூட்டணி ஆட்களே மாத்திப் போட்டாங்க, த்ரன்கா மயிரிழையில தோத்தார். அன்னைக்கே ஆட்சி போயிருக்கும். அப்புறம் 2011 ஜூன்ல கூட்டணி யோசெஃப் சென்தேஷைத் தேர்ந்தெடுத்தது, அதிபர் கஷ்பரோவிச் நியமிக்கவே இல்ல. பதினோரு மாசத்துக்குள்ள ரெண்டு தடவை ஆட்சியைச் சூதாட்டம் மாதிரி வச்சிருக்காங்க. தனிமனுஷியா இருந்தா அது நேர்மை. பிரதமரா இருந்தா அவங்க பதவிங்கிறது கூட்டணியோட நாலு கட்சிக்கு ஓட்டுப் போட்ட மக்களோடதும்தான்.

தெருவிளக்கு:

சார், அவரிடம் வேறு என்ன ஆயுதம் இருந்தது? எல்லோரும் விட்டுவிடும் விஷயம் இது: அவர் பிரதமர், ஆனால் கட்சித் தலைவர் இல்லை. 2010 தேர்தலுக்கு முன் ட்சுரிந்தா கட்சி நிதி விவகாரத்தில் வேட்பாளர் பட்டியலிலிருந்து விலகியதால், உள்கட்சித் தேர்தலில் இவான் மிக்லோஷை வென்று இவர் முன்னணி வேட்பாளரானார். கட்சி கடைசிவரை ட்சுரிந்தா கையில்தான். அவரே இவர் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர், மிக்லோஷ் நிதி அமைச்சர். கட்சி அமைப்பு இவர் கையில் இல்லை, வேட்பாளர் பட்டியல் இவர் கையில் இல்லை. கூட்டணியில் 150க்கு 79, நான்கு பேர் முகத்தைத் திருப்பினால் பெரும்பான்மை இல்லை. கட்சி கையில் உள்ள பிரதமர் மிரட்டுவார், சீட்டு தரமாட்டேன் என்பார். இவர் விலகுகிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும். டிசம்பரில் அது பலித்தது, அக்டோபரில் பலிக்கவில்லை.

செங்காடு:

இது சரியான இடம். இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நெருக்கடி வந்த நேரத்தில் பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆண்களே வைத்துக்கொள்வது பல நாட்டுக் கட்சிகளில் நடப்பதுதான். இங்கேயும் அதுதான் நடந்தது என்பேன். ஆட்சி கவிழ்ந்த பிறகு அவர் கட்சியை விட்டார், தேர்தலில் நிற்கவில்லை, காபந்து ஆட்சி முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். ட்சுரிந்தா கட்சித் தலைவராகவே தேர்தலைச் சந்தித்தார்.

கொங்குக்கணக்கன்:

கட்சி கையில இல்லைங்கிறதை ஏத்துக்கறேன். அப்படின்னா இன்னும் கவனமா இருந்திருக்கணும். சாஸ் முழுசா கதவை மூடலியே. நிதியிலிருந்து பணம் எடுக்கும்போது கூட்டணிக் கட்சிகளுக்குத் தடுப்புரிமை வேணும்னு ஒரு யோசனை வச்சாங்க. அதை வச்சு இன்னும் ஒரு வாரம் இழுத்திருக்கலாம்.

அந்தக் கட்சியோட குணம் இன்னும் மாறல என்பதையும் சொல்லணும். 2022 செப்டம்பர்ல சாஸ் மறுபடியும் ஒரு கூட்டணியை விட்டு வெளியேறிச்சு, டிசம்பர்ல எடுவார்த் ஹெகர் அரசு கவிழ்ந்தது, 2023 அக்டோபர்ல மறுபடியும் ஃபிட்சோ பிரதமர். பதினோரு வருஷ இடைவெளியில ஒரே கதை ரெண்டு தடவை. சுலீக் மேல எனக்கு எந்தக் கரிசனமும் கிடையாது. அப்படிப்பட்ட கூட்டாளி கையில ஆட்சியோட உயிரைக் கொடுத்தது யாருன்னுதான் கேக்கறேன்.

வைகறைவாணி:

தடுப்புரிமை யோசனையைப் பற்றி: நெருக்கடி நேரத்தில் உடனடியாகக் கைகொடுக்கத்தான் அந்த நிதி. ஒவ்வொரு தடவையும் தலைநகர் பிராத்திஸ்லாவாவில் ஒரு கட்சி தலையாட்டும்வரை காத்திரு என்றால் மற்ற பதினாறு பேரும் ஏன் ஒப்புவார்கள்?

இப்போது எண்ணுக்கு வாருங்கள். நம்பிக்கை வாக்கெடுப்போடு சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்த ஒப்பந்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 76. சாஸ் பட்டியலில் வென்ற 22 பேரைக் கழித்தால் கூட்டணியிடம் 57. மீதி 19 பேர் எங்கிருந்து வருவார்கள்? ஃபிட்சோவிடமிருந்துதான். அவர் நிதியை எதிர்க்கவே இல்லை, இந்த அரசுக்குக் கைகொடுக்கத்தான் மறுத்தார். ஆக, நீங்கள் சொல்கிறபடி தனித்தனியாக வைத்திருந்தாலும் முதல் வாக்கெடுப்பு தோற்றிருக்கும், அடுத்த நாள் அதே ஃபிட்சோ அதே விலையைத்தான் கேட்டிருப்பார்.

கொங்குக்கணக்கன்:

கேட்டிருப்பார். ஆனா அப்போ எதிர்ல உட்கார்ந்திருக்கிறது கவிழாத பிரதமர். ஐரோப்பா முழுக்க அழுத்தம் ஃபிட்சோ தலையிலயும் ஏறியிருக்கும், ஆதரிக்கிறேன்னு சொல்லிட்டு ஓட்டுப் போடாம இருக்கறது யாருன்னு கேட்டிருப்பாங்க. மார்ச்ல தேர்தல்னு ஒத்துக்கிட்டது, பேரம் பேச எதுவும் மிச்சமில்லாததால. அந்தப் பலத்தை 11ஆம் தேதி ராத்திரி கைவிட்டது அவங்கதான்.

வைகறைவாணி:

அவர் கவிழாமல் இருந்திருந்தால் சாஸ் அமைச்சரவையில் தொடர்ந்திருக்கும். தன் அரசின் முக்கிய வெளிநாட்டு முடிவை எதிர்த்து நின்ற சபாநாயகரையும் அமைச்சர்களையும் வைத்துக்கொண்டு, ஃபிட்சோவின் வாக்கில் சட்டம் நிறைவேற்றி 2014 வரை ஓட்டுவது என்ன ஆட்சி? அடுத்த மாதமே ராணுவ உளவுப்பிரிவு பத்திரிகையாளர்களை ஒட்டுக்கேட்ட விவகாரம் வெளியாகி, சாஸைச் சேர்ந்த பாதுகாப்பு அமைச்சர் லுபோமிர் கால்கோவை ராதிச்சோவா விலக்க வேண்டி வந்தது. காபந்து பிரதமராக இருந்ததால் சில நாட்களில் முடிந்தது. கூட்டணியைக் காப்பாற்ற வேண்டிய பிரதமராக இருந்திருந்தால், அந்த 22 பேருக்காக அவரையும் பொறுத்துப்போ என்றுதான் நீங்கள் சொல்லியிருப்பீர்களா?