சென்னை மண்ணுக்கு எந்த டிபிஎம்? இ.பி.பி.யா, ஸ்லர்ரியா?

(டிபிஎம் என்பது சுரங்கம் தோண்டும் இயந்திரம். அது வெட்டும் மண்முகம்தான் முகப்பு. இ.பி.பி. வெட்டிய மண்ணையே அழுத்தி முகப்பைத் தாங்கி, ஸ்க்ரூ கன்வேயர் எனும் திருகுக் குழாயால் மண்ணை வெளியேற்றும். ஸ்லர்ரி இயந்திரம் பென்டோனைட் எனும் களிமண் குழம்பை அழுத்தி முகப்பைத் தாங்கி, மண்ணைக் குழம்போடு குழாயில் வெளியேற்றும்.)

நிலமுகம்:
2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. கீழே மெட்ரோ சுரங்க வேலை. இரண்டாம் கட்டத்தில் 42 கி.மீ.க்கு மேல் சுரங்கம். மேலே மணல், கீழே பாறை என்று வரும் இடங்களில் ஸ்லர்ரி இயந்திரம்தான் வேண்டும். நிலத்தடி நீர் 3 மீட்டரில், சுரங்க மையம் 18 மீட்டரில் என்றால் தண்ணீர் அழுத்தம் மட்டுமே 1.5 பார். மணல் கலந்த தளர்ந்த மண் இ.பி.பி.யின் ஸ்க்ரூ கன்வேயரில் அடைப்பாக நிற்காது, தண்ணீரோடு பீறிடும். முகப்பு அழுத்தம் அந்தக் கணமே போய்விடும்.

திருகுக்குழாய்:
ஃபோமும் பாலிமரும் சரியாகக் கலந்தால் மணலும் பற்பசை மாதிரி இறுகி வரும். அதை விடுங்கள், ஸ்லர்ரிக்குக் குழம்பிலிருந்து மண்ணைப் பிரிக்கும் ஆலை வேண்டும்: சல்லடை, சைக்ளோன், ஃபில்டர் பிரஸ். நெரிசலான தெருவில் அதற்கு இடம் எங்கே? களிமண் வந்தால் கட்டர் ஹெட்டில் (முன்னால் சுழலும் வெட்டுத் தலையில்) அப்பிக்கொள்ளும், பென்டோனைட்டும் கெட்டியாகும்.

பள்ளம் விழுவது பெரும்பாலும் அதிகமாக மண் எடுப்பதால். வெட்டு விட்டம் 6.65 மீ., சுரங்கச் சுவராகப் பொருத்தும் கான்கிரீட் வளையத்தின் அகலம் 1.4 மீ. என்று வைத்தால், வளையத்துக்கு வரவேண்டியது 48.6 கன மீட்டர் மண். அதற்கு மேல் வந்தால் நிறுத்து. இயந்திரம் எதுவானாலும் இந்தக் கணக்குதான் காப்பாற்றும்.

நிலமுகம்:
கணக்கு சரி, அளவு சரியா? பெல்ட் எடைக் கருவியில் 5 சதவீதம் பிசகினால் வளையத்துக்கு 2.4 கன மீட்டர். பத்து வளையத்தில் 24. கார் இறங்க அது போதும். மண்ணும் பாறையும் சேர்ந்து வரும் கலப்பு முகப்பில் இது இன்னும் மோசம்: கீழே பாறை வெட்ட நிமிடக்கணக்கில் ஆகும், அதற்குள் மேலே உள்ள மண் தானாகச் சரிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஸ்லர்ரியில் போகும் குழாய், வரும் குழாய் இரண்டிலும் ஓட்டமும் அடர்த்தியும் அளக்கிறோம், வித்தியாசம் உடனே தெரியும்.

பாறைக்கோல்:
இருவரும் மண்ணைத் தெரிந்தது போலப் பேசுகிறீர்கள். இங்கே கீழே கிடக்கும் கடினப் பாறையான சார்னோக்கைட்டை முதலில் விவரித்ததே பரங்கிமலை, பல்லாவரம் பாறையை வைத்துத்தான். அதன் மேல்முகம் மேடும் பள்ளமுமாகச் சிதைந்திருக்கும். 50 மீட்டருக்கு ஒரு போர்ஹோல் (மண் சோதனைத் துளை) போட்டு நடுவில் கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கு மேலேயே பாறை முண்டு நிற்கும். பாறையை உடைக்கும் வட்டத் தகடான டிஸ்க் கட்டர் மென்மண்ணில் சுழலாமல் தேய்ந்து தட்டையாகிவிடும், அதே கட்டர் பாறையில் மோதும்போது உடையும். பிறகு, பழைய ஆழ்துளைக் கிணறுகள்! ஒன்று குறுக்கே வந்தால் ஃபோமோ பென்டோனைட்டோ வீட்டுக்குள் கிளம்பும். இயந்திரம் வாங்குமுன் தெருத்தெருவாகக் கிணற்றுப் பட்டியல் எடுத்து, கைவிட்டதையெல்லாம் கிரவுட் (சிமென்ட் குழம்பு) ஊற்றி அடைக்க வேண்டும்.

திருகுக்குழாய்:
கிணறு விஷயம் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நெருக்கமான போர்ஹோலுக்கு ஆகும் செலவு, நின்றுபோன டிபிஎம்முக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் இ.பி.பி.யைக் கைவிட மாட்டேன். கட்டர் மாற்றும் இடங்களை முன்கூட்டியே குறித்து, அங்கே மேலிருந்து மண்ணைக் கெட்டிப்படுத்தி வைத்தால், அழுத்தக் காற்றில் ஆளை முகப்புக்கு அனுப்பத் தேவையில்லை.

நிலமுகம்:
குறித்த இடத்துக்கு 60 மீட்டர் முன்பே கட்டர் உடைந்தால்? மேலே பேருந்து ஓடுகிறது, துளையிட இடமில்லை. அப்போது முகப்பில் பென்டோனைட் பூச்சு ஏற்றிக் காற்றைப் பிடித்துத்தான் ஆளை அனுப்புவீர்கள். ஸ்லர்ரியில் அந்தப் பூச்சு ஏற்கெனவே முகப்பில் இருக்கும்.