மாலை வகுப்பில் பெரியவர்கள்: எல்லோரையும் எப்படி இழுத்துப் பிடிப்பது?

கேள்வி:
பெரியவர்களுக்கு எக்செல் சொல்லித் தருகிறேன். கல்லூரி முடித்த கையோடு வந்தவரும் உண்டு, ஓய்வு பெற்றவரும் உண்டு. ஒரு ஃபார்முலா சொல்லி முடிப்பதற்குள் சிலர் போட்டுவிட்டு போனை நோண்டுகிறார்கள், சிலர் மவுஸைத் தொடவே தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
எதற்காக வந்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டீர்களா? பதவி உயர்வுக்கு வந்தவருக்கும் வீட்டுக் கணக்கு பார்க்க வந்தவருக்கும் ஒரே பயிற்சி எப்படிப் பிடிக்கும்? பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் அப்போதே சொன்னதுதான், இதை ஏன் படிக்கிறோம் என்று பெரியவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவரவர் கணக்கையே கொண்டுவரச் சொல்லுங்கள், கூட்டல் ஃபார்முலாவான SUM-ஐ அதிலேயே போடட்டும்.

பதில் 2:
தயங்குகிறவரை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்காதீர்கள், அப்புறம் ஆளே வர மாட்டார்.

பதில் 3:
வேகமானவரைத் தயங்குகிறவர் பக்கத்தில் உட்கார வைக்கலாம். மவுஸைப் பிடுங்காமல் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், அதுதான் நிபந்தனை.