ஷுல்ட்ஸ், ஷோல்ட்ஸ், ஷுல்டே: ஒரே குடும்பப்பெயர்தானா?

கேள்வி: ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் ஓலாஃப் ஷோல்ட்ஸ், ‘பீனட்ஸ்’ படக்கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ட்ஸ் ஆகியோரின் குடும்பப்பெயர்கள் ஒரே வேரா? பள்ளியைக் குறிக்கும் ‘ஷூல’யிலிருந்து வந்தவையோ?

பதில்: வேர் ஒன்றுதான், ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுங்கள். ‘ஷூல’ லத்தீனிலிருந்து வந்த இரவல். இந்தப் பெயர்கள் ‘ஷுல்ட்ஹைஸ்’ என்ற பதவியின் தேய்ந்த வடிவங்கள். ‘ஷுல்ட்’ என்றால் கடன், கடமை, குற்றம் மூன்றும்தான்; ‘ஹைஸன்’ அக்காலத்தில் ஆணையிடுவது. பிரபுவுக்குச் சேர வேண்டியதைக் கட்டச் சொல்லும் ஊர்த்தலைவர் அவர். சிறு வழக்குகளையும் அவரே விசாரிப்பார். வரி கேட்டு வருபவரின் பதவி இத்தனை குடும்பங்களுக்குப் பெயரானது எனக்கு இன்றும் வேடிக்கைதான்! வடக்கே ‘ஷுல்டே’, கிழக்கே, இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சிலேசியாவில் ‘ஷோல்ட்ஸ்’.

இன்னொருவர்: டச்சு மொழியில் இப்பதவி ‘ஸ்ஹவுட்’. ‘ஸ்ஹவுட்டன்’ குடும்பப்பெயர் அதன் வழி வந்ததே. இன்றைய நியூயார்க், நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்தபோது அங்கும் இப்பதவி இருந்தது. சாரணர் இயக்கத்தின் ‘ஸ்கவுட்’ வேறு; அது பிரெஞ்சு வழி வந்தது.

கேட்டவர்: ஆங்கிலத்தில் இந்த வேர் தங்கவில்லையா ஐயா?

பதில்: தினமும் பேசுகிறீர்களே! ‘ஷால்’ (shall), ‘ஷுட்’ (should) இரண்டும் அதே வேர்தான். முதலில் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்றே பொருள். ஜெர்மன் ‘ஸொல்லன்’, டச்சு ‘ஸுல்லன்’, ஸ்வீடிஷ் ‘ஸ்கா’ உடன்பிறப்புகள். கடனைக் குறிக்கும் ஸ்வீடிஷ் ‘ஸ்குல்ட்’டும் அப்படியே. பழைய ஸ்காண்டிநேவிய (நார்ஸ்) புராணத்தில் விதியை நிர்ணயிக்கும் மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயரும் ஸ்குல்ட்தான்.