மட்டக்களப்பைத் தளமாக வைத்து மெய்நிகர் விமான சேவை: விமானத் தெரிவு, எரிபொருள், நேர அட்டவணைச் சிக்கல்

வாவிக்கரை_24 (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு விமான நிலையத்தை, அதாவது விசிசிபியை (அதன் சர்வதேசக் குறியீடு), தளமாக வைத்து உள்ளூர்ச் சேவை ஒன்றை சிமுலேட்டரில் நடத்தப் போகிறோம். விமானிகள் ஆறு பேர்: நாலு பேரிடம் எம்.எஸ்.எஃப்.எஸ் 2020 (மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்), இரண்டு பேரிடம் எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டர். மெய்நிகர் சேவையை நடத்தும் இணைய மென்பொருளான பி.எச்.பி.வி.எம்.எஸ் 7ஐ ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் ஏற்றியாயிற்று. பறப்புப் பதிவுக்கு ஸ்மார்ட்கார்ஸ் 3.

தெரிய வேண்டியவை: 70 ஆசன ஏ.டி.ஆர் 72இல் தொடங்கலாமா, ஒற்றை எஞ்சின் சிறு விமானமான செஸ்னா கரவன் போதுமா? இரத்மலானைக்கு மலைக்கு மேலால் நேரே போவதா, சுற்றிப் போவதா? எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது? மற்றது, விமானி உள்ளே வந்தால் பறப்புகள் தெரிகின்றன, தெரிவு செய்ய விமானம் ஒன்றும் வருவதில்லை. எக்செலில் செய்து ஏற்றிய நேரங்களும் குழம்பிக் கிடக்கின்றன. அம்பாறைக்கும் ஒரு பறப்பு வைக்க விருப்பம்.

கச்சான்காத்து

கரவனில் தொடங்குங்கள். மட்டக்களப்பு ஓடுபாதை 06/24 (வடகிழக்கு–தென்மேற்குத் திசை), நீளம் 1,560 மீற்றர். முதலில் உங்கள் சிமில் அது எவ்வளவு என்று பாருங்கள். 1,500க்குக் குறைவாகக் காட்டினால் விரிவாக்கத்துக்கு முந்திய தரவு, வேறு சீனரி (நிலையத்தின் காட்சித் தொகுப்பு) போட வேண்டும். ஆறு பேரிடமும் ஒரே நீளம் இருப்பது முக்கியம்.

ஏ.டி.ஆர் 72-600க்கு முழு எடையில், 15 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்திலேயே ஏறத்தாழ 1,300 மீற்றர் ஓடுபாதை வேண்டும். இங்கே 32 பாகை வெயில், மார்கழியில் ஈர ஓடுபாதை. இவ்வளவு கிட்டிய தூரத்துக்கு எரிபொருள் குறைவாகவே ஏற்றுவோம் என்பதால் விமானத்தை இறக்கவும் கிளப்பவும் முடியும்தான். சென்னையிலிருந்து 1,400 மீற்றர் பலாலிக்கு ஏ.டி.ஆர் 72 வந்து போகிறது. ஆனால் ஒவ்வொரு பறப்புக்கும் எடைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கே அது சரி. ஆறு பேர் கொண்ட சேவையில் 70 ஆசனத்தைத் தினமும் நிரப்புவதும் நம்பும்படி இராது.

எம்.எஸ்.எஃப்.எஸ்ஸோடு வரும் கிராண்ட் கரவன் இ.எக்ஸ்ஸுக்கு எண்கள் இவை. புறப்பாட்டு உச்ச எடை 8,807 இறாத்தல், தரையிறங்க 8,500. வெற்று எடையை 5,310 என்று எடுங்கள். இரத்மலானை–மட்டக்களப்பு 119 கடல் மைல், வானில் 50 நிமிடம், எரிவு ஏறத்தாழ 340 இறாத்தல். தரையில் ஓடும் தரையோட்டத்துக்கு 35. மட்டக்களப்பில் இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று நிலையம் சீனக்குடா, 58 கடல் மைல், அதற்கு 150. கடைசி 45 நிமிட இருப்பு 300. வழிச்செலவின் பத்து வீதம் 35. மொத்தம் 860.

மட்டக்களப்பில் எரிபொருள் ஏற்றுவதில்லை என்று விதி வைத்துப் பாருங்கள், சேவைக்கு ஒரு ஒழுங்கு வரும். திரும்பி வர இன்னும் 340, 35, 35 சேர்த்தால் 1,270 இறாத்தல், அதாவது 190 கலன். விமானி 200, பயணிகள் 9 பேர் பொதியோடு தலா 200. கூட்டினால் 8,580. புறப்பாட்டில் மீறாது. மட்டக்களப்பில் இறங்கும்போது 8,205, அதுவும் சரி. பத்தாவது ஆளை ஏற்றினால் 8,780 ஆகிறது. காகிதத்தில் சரிதான், ஆனால் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் கூடுதல் எரிபொருள் போட இடமில்லாமற் போகும். ஆகவே 9இல் நிறுத்துங்கள்.

சிமில் பிழைக்கும் இடம் ஒன்று: புறப்படும்போது திறொட்டிலைக் கடைசிவரை தள்ளுவது. டோர்க் (எஞ்சினின் முறுக்கு விசை) சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மேலே போகப்போக டோர்க் குறையும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். அந்த நேரம் கண் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் ஐ.ரி.ரி முள்ளில் இருக்க வேண்டும். வெயில் நாளில் உயரத்தில் முதலில் எல்லைக்கு வருவது அதுதான்.

எக்ஸ்-பிளேன் 12ஓடு கரவன் சேர்ந்து வருவதில்லை. அந்த இருவரும் கரவனைத் தனியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அதோடு வரும் கிங் எயார் சி90 விமானத்தை இரண்டாவது வகையாகச் சேருங்கள்.

பதுளைவீதி

வழியைப் பற்றி. நேர்க்கோடு பிதுருதலாகலைக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் நடுவால் போகிறது. பிதுருதலாகலை 8,281 அடி, கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கடல் மைல். நக்கிள்ஸ் 6,112 அடி, வடக்கே எட்டு. பார்வைப் பறப்பு விதியில் கிழக்கே போகும்போது 9,500, மேற்கே 8,500. கரவன் அழுத்தம் ஏற்றாத விமானம், ஒட்சிசன் இல்லாமல் 10,000க்கு மேலே கொண்டுபோகும் திட்டம் போடாதீர்கள். 8,500இல் வரும்போது நேர்க்கோட்டை விட்டுத் தெற்கே விலகக்கூடாது, பிதுருதலாகலை உங்களுக்குக் கீழே வெறும் 200 அடியில் இருக்கும்.

பின்னேரத்தில் மலைமேல் முகில் கட்டினால் குருநாகல், பொலன்னறுவை வழியால் வாருங்கள். 138 கடல் மைல், ஏழு நிமிடமும் 50 இறாத்தலும் கூடுதல். 7,500 அடி போதும். இதைத் தனிப் பறப்பு இலக்கத்தோடு அட்டவணையில் வையுங்கள். ஒரே இலக்கத்தில் இரண்டு வழி வைத்தால் விமானி எரிபொருளை எப்போதும் குறுகிய வழிக்கே போடுவார்.

இறக்கம்தான் அதிகம் பேர் பிழைவிடும் இடம். ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்ற ஜெட் கணக்கில் 26 மைலில் இறங்கத் தொடங்கினால் நிமிடத்துக்கு 900, 1,000 அடி விட வேண்டி வரும். அழுத்தமில்லாத கபினில் பயணிகளின் காது தாங்காது. நிமிடத்துக்கு 500 அடி என்றால் 9,500இலிருந்து 1,000க்கு வர 17 நிமிடம், 170 நொட்டில் (மணிக்கு 170 கடல் மைல்) 48 மைல். மகியங்கனை மட்டக்களப்பிலிருந்து 46 மைல். கோடும் அதற்குக் கிட்டவாகவே போகிறது. ஆகவே மகாவலி ஆறு கீழே தெரிந்ததும் பவரைக் குறையுங்கள். மகாஓயா வரும்போது 5,000 அடிச் சொச்சத்தில் இருந்தால் கணக்குச் சரி. மறுகா செங்கலடி வீதியைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் 06இல் நேரே இறங்கலாம். கச்சான் அடித்தால் 24, பட்டினத்தையும் வாவியையும் தாண்டிச் சுற்றி வர வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் சேருங்கள். கருவி வழிகாட்டலான ஐ.எல்.எஸ் கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்) முழுக்க, 80 நொட்.

ஒரு வேண்டுகோள்: தரையிறங்கும் வேகத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். நிமிடத்துக்கு 50 அடியில் பூப்போல வைக்கப் பார்த்து 600, 700 மீற்றர் மிதப்பார்கள். 150 முதல் 250 வரை எல்லாம் ஒரே புள்ளி என்றும், முதல் 300 மீற்றருக்குள் சில்லு தொட வேண்டும் என்றும் வையுங்கள்.

நேரசூசி

விமானம் தெரியாததற்குப் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது, விமானியின் ரேங்க்கோடு (தரநிலை) சப்ஃபிளீட்டை (ஒரே வகை விமானங்களின் தொகுதி) இணைக்கவில்லை. நிர்வாகப் பக்கத்தில் ரேங்க்கைத் திறந்து கரவன் சப்ஃபிளீட்டைச் சேருங்கள். சப்ஃபிளீட் உருவாக்கினால் மட்டும் போதாது. இரண்டாவது, புறப்படும் நிலையத்தில் நிற்கும் விமானம் மட்டும் என்ற அமைப்பு இயங்குகிறது, கரவன் இரண்டும் இரத்மலானையில் நிற்கின்றன. மூன்றாவது, விமானத்தின் நிலை செயற்பாட்டில் என்று இல்லை.

நேரங்கள்: எல்லாவற்றையும் யு.ரி.சியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை 6.30 என்றால் 0100. எக்செல் அதை எண்ணாக எடுத்து 100 ஆக்கிவிடும், உங்கள் குழப்பம் அதுதான். அந்த நிரலை முதலே டெக்ஸ்ட் ஆக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். சேமித்த சி.எஸ்.வியை எக்செலில் மறுபடி திறக்காமல் நோட்பேட்டில் திறந்து பாருங்கள். விடிய 5.30க்கு முந்திய பறப்பு யு.ரி.சியில் முதல்நாளுக்குப் போய்விடும், கிழமையும் ஒன்று பின்னால் போகும்.

கடைசிப் பறப்பு இரத்மலானையில் 16.30, அதாவது 1100. மார்கழியில் மட்டக்களப்பில் 17.45 அளவில் பொழுது சாய்ந்துவிடும். அந்த விமானம் இரவு அங்கேயே தங்கி விடிய 6.30க்குப் போகட்டும்.

ஹோஸ்டிங்கில் டொமைன் பப்ளிக் கோப்புறையைத்தான் காட்ட வேண்டும். மேல் கோப்புறையைக் காட்டினால் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் கோப்பு வெளியே தெரியக்கூடும். இதை இன்றைக்கே பாருங்கள். கிரொன் வேலையையும் (சேர்வரில் தானாக ஓடும் பணி) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள், இல்லாவிட்டால் பழைய பிட்கள் (விமானிகள் பிடித்து வைத்த பறப்புகள்) விடுபடாது.

வாவிக்கரை_24

மிக்க நன்றி. ரேங்க்தான் பிரச்சினை, இணைத்ததும் விமானம் வந்துவிட்டது. ஒருவர் சிம் நடுவழியில் நின்று பறப்பைக் கைவிட்டால் விமானம் எங்கே நிற்கும்? அம்பாறை?

நேரசூசி

பைரெப் (விமானியின் பறப்பு அறிக்கை) ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் விமானம் இடம் மாறும். கைவிட்டது புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். அடுத்தவர் பறக்க முதல் பாதியில் நிற்கும் பைரெப்பை ரத்துச் செய்துவிடுங்கள்.

பதுளைவீதி

அம்பாறையின் குறியீடு விசிசிஜி, அது விமானப்படைத் தளம். மட்டக்களப்பிலிருந்து 22 கடல் மைல். ஓடுபாதை மட்டக்களப்பை விடக் குறுகியது, கரவனுக்குத் தாராளம், ஏ.டி.ஆர் வேண்டாம். 2,500 அடிக்கு மேலே ஏறாமல் வயல்களுக்கு மேலால் தெற்கே போங்கள். சேனாநாயக்க சமுத்திரம் கீழே வந்தால் நிலையத்தைத் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள். அட்டவணையில் 25 நிமிடம் போடுங்கள், தரையோட்டமும் அதற்குள் அடங்கும்.