‘ரிங் பிடிச்சிட்டுது’: ஒரு சொல்லா, மூன்று சொற்களா?

கிளிநொச்சிப் பயிற்றுநர்:

அன்புள்ள குழுவினருக்கு,

உழவு இயந்திரப் பராமரிப்புக் கையேட்டைப் பெரும்போகம் தொடங்குமுன் அச்சுக்குக் கொடுக்கவேண்டியிருப்பதால் கலைச்சொல் தெரிவில் உங்கள் உதவியை வேண்டுகிறேன். பிஸ்டனை ‘முசலம்’ என்று நாம் வழங்குவதால் அதைச் சுற்றிப் பொருந்தும் ரிங்கை ‘முசல வளையம்’ என எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. இடர்ப்பாடு அதன் பழுதுகளைச் சொல்வதில்தான் இருக்கிறது. வளையம் கரி படிந்து தன் தவாளிப்பினுள் (முசலத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தினுள்) அசையாது நிற்பதையும், ஆண்டுக்கணக்கில் வெளியில் நின்ற பழைய மெசி பெர்குசன் உழவு இயந்திரத்தின் புகைக்குழாய் வழியே மழைநீர் இறங்கி, வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவேறி எஞ்சினே சுழலாமற் போவதையும் வன்னியில் ‘பிடிச்சிட்டுது’ என்ற ஒரே வினையால் சொல்கிறோம். வளையம் தேய்வது மூன்றாவது பழுது. இம்மூன்றையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் வேண்டும்.

நீலப்புகையும் ஓயில் குறைவும் தேய்ந்த வளையத்துக்கும் சிக்கிய வளையத்துக்கும் பொதுவான குறிகள். சிலிண்டரினுள் சிறிது ஓயில் விட்டு நெருக்கலை (உள்ளே காற்று அமுக்கப்படும் அழுத்தத்தை) அளக்கும் சோதனைகூடக் கோளாறு வளையத்திலா வால்விலா என்று காட்டுமேயன்றி, வளையம் தேய்ந்ததா சிக்கியதா என்று காட்டாது. ஆனால் பரிகாரம் வேறு. சிக்கியது, எரிபொருளைத் தெளிக்கும் நொசிலின் துளை வழியே டீசலோ மசகெண்ணெயோ விட்டுச் சில நாட்கள் ஊறவைத்தால் சிலவேளை விடுபடும். தேய்ந்ததை மாற்றியே ஆகவேண்டும். சொல் இதைப் பிரித்துக் காட்டாவிட்டால், ஊறவைத்துப் பார்த்திருக்கக்கூடிய எஞ்சினுக்கு லைனரும் (சிலிண்டரின் உட்குழாயும்) ரிங்கும் வாங்க ஒரு விவசாயி நகையை அடகு வைப்பார்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முசலம் வடசொல், அதன் பொருள் உலக்கை. உலக்கை முனையில் இடும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்ற அருமையான சொல் எம்மிடம் இருக்க, வளையம் எதற்கு? பூண் என்பது பூணுதல் என்ற வினையோடு இயைவது, அணிகலனும் பூண்தான். சிக்கிய நிலையைப் ‘பூண்பிணிப்பு’ எனலாம். 643ஆம் குறளில் சொல் கேட்டாரைப் பிணிப்பதாக வருவது கட்டுதல் என்ற பொருளிலேயே. நோய்க்கும் பிணி என்றே பெயராதலால் பழுது என்ற பொருளும் தானே வந்து சேரும்.

முல்லைத்தீவு, கராஜ் நடத்துபவர்:

ஐயா, பூண் அழகான சொல். ஆயினும் உலக்கைப்பூண் இறுகியிருந்தால்தான் நலம். அது மரம் பிளவாமற் காக்கிறது. முசல வளையமோ தானே ஓரிடத்தில் வெட்டுண்டு பிளவுபட்டது. 1854இல் ஜோன் ராம்ஸ்பொட்டம் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்துக்கு விளக்கிய வளையத்தின் சிறப்பே, அது தன் மீள்தன்மையால் விரிந்து சுவரை அழுத்துவதில் இருந்தது. பூணுக்கு நலமான இறுக்கம் இதற்குப் பழுது. மாணவரிடம் பூண் என்று சொன்னால், முசலத்தைக் கழற்றும்போது அசையாத வளையத்தைக் கண்டு சரியாக இருக்கிறது என்றே எண்ணுவர்.

‘வளைய ஒட்டு’, ‘வளையத் தேய்வு’ என்பன போதும். தேய்வை அளந்தும் காட்டலாம்: மெசி 135இன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சினின் துளை விட்டம் 91.4 மில்லிமீற்றர், புதிய வளையத்தைச் சிலிண்டரில் நேராக இறக்கினால், பொதுக் கணக்கின்படி நுனிகளுக்கிடையே சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். கழற்றிய வளையத்தில் அது பெருமளவு கூடியிருந்தால் தேய்வு உறுதி. கையேட்டில் இன்னொன்றையும் தவறாது சேருங்கள்: ஊறவைத்தபின் நொசில்களைக் கழற்றியபடியே கையால் எஞ்சினைச் சுழற்றி உள்ளே நிற்கும் எண்ணெயை வெளியேற்றவேண்டும். எண்ணெய் காற்றைப்போல் அமுங்கிச் சுருங்காது, அப்படியே இயக்கினால் இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.

கிளிநொச்சிப் பயிற்றுநர்:

மறுமொழி எழுதியோரில் பெரும்பாலோர் ‘வளைய ஒட்டு’ என்பதையே ஏற்றிருப்பதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ‘பிடித்தல்’ முழு எஞ்சினும் சுழலாத நிலைக்கு மட்டும் நிற்கும். துருவால் பிடித்ததையும் சூடேறிப் பிடித்ததையும் பிரிக்கும் சொற்கள் இன்னும் கிடைக்கவில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பூணைக் கைவிடுகிறேன், காரணம் சரியானது. பிணிப்பைக் கைவிடவில்லை. மாங்கன்றில் வளர்ச்சியைக் குறிக்கும் ‘ஒட்டு’ என்ற சொல்லை, அதே விவசாயியிடம் பழுதின் பெயராகக் கொண்டுசெல்வது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்கு முன் ‘வளையப் பிணிப்பு’ என்பதை மீண்டும் முன்வைப்பேன்.