பேய்ப்படத்துக்குள் பாகப்பிரிவினை: பயமும் குறையாமல் கருத்தும் துருத்தாமல் எடுப்பது எப்படி?

கோட்டையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டு வீடு ஒன்றில் 20 நிமிடப் பேய்ப்படம். கதை இதுதான்: ஏழு புள்ளிக்கு (பங்குள்ள குடும்பத்துக்கு) பாத்தியப்பட்ட வீட்டைப் பிரித்து, மரமும் கல்லுமாக விற்கப் போகிறார்கள். வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி, பன்னிரண்டு தேக்குத் தூண். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போய் 1942-ல் திரும்பி வராத ஒருவரின் ஆவி, அதாவது அப்பத்தாவின் மாமனார், விற்பனையைத் தடுக்கிறது. கடைசி மூன்று நிமிடம் அப்பத்தா உட்கார்ந்து பர்மாக் கதை முழுவதையும் சொல்லி, "வீடுன்னா வெறும் மரம் இல்லப்பா" என்று முடிக்கிறார்.

ஸ்கிரிப்ட் படித்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் விரல் வைக்கிறார்கள். 17-வது நிமிடம் வரை பயம், அதற்குப் பிறகு பிரசங்கம் என்கிறார்கள். அப்பத்தா பேச்சை வெட்டினால் மிச்சம் இருப்பது கதவு படார் படார் என்று அடிக்கிற படம்தான். எங்கே தப்பு? எந்தப் படங்களைப் பார்த்துப் படிக்கலாம்? படப்பிடிப்பு இரண்டு பகல், இரண்டு இரவு. கையில் இரண்டு எல்இடி விளக்குப் பேனல். அந்தப் பக்கத்தையும் யாராவது சொன்னால் நல்லது.

பர்மாத்தேக்கு:

தம்பி, கோளாறு 17-வது நிமிடத்தில் இல்லை, முதல் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆவிக்குச் சட்டம் கிடையாது. எப்போது வரும், எதைத் தொடும், எது நடந்தால் போகும் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அது கதவை மட்டும்தான் அடிக்க முடியும். அதனால்தான் கருத்தைச் சொல்ல அப்பத்தாவை உட்கார வைக்க வேண்டி வந்தது.

பாகப்பிரிவினை என்பது எண்ணிக்கை. எத்தனை புள்ளி, ஆளுக்கு எத்தனை பங்கு, எத்தனை தூண். பயத்தையும் அந்த எண்ணிக்கையிலேயே வையுங்கள். விலைக்கு எடுப்பவர் பிரிப்பதற்கு முன் தூண்களுக்குச் சாக்பீஸால் 1 முதல் 12 வரை எண் போடுகிறார். மறுநாள் காலையில் 13 இருக்கிறது. தூண் கூடவில்லை. அந்த எண் பூட்டிக் கிடக்கிற ஓர் அறைக் கதவில் இருக்கிறது. அழிக்கிறார்கள். அடுத்த தடவை அது கையெழுத்துப் போட்டவர் சட்டை முதுகில். விட்டுப்போன பங்குக்காரர் தன்னை எண்ணச் சொல்கிறார், அவ்வளவுதான் சட்டம். இப்போது பயத்தை எடுத்தால் கருத்தும் போய்விடும், கருத்தை எடுத்தால் பயமும் போய்விடும்.

நிமிடக் கணக்கு முக்கியம். 2-வது நிமிடத்துக்குள் எண் போடும் காட்சி வந்துவிட வேண்டும். பகல் வெளிச்சம், இசை இல்லை, ஒன்று முதல் பன்னிரண்டு வரை முழுசாக எண்ணுவது, சுமார் 25 விநாடி. நீளம் என்று எடிட்டர் வெட்டச் சொல்வார், விடாதீர்கள். பார்ப்பவர் மனதில் பன்னிரண்டு பதியாவிட்டால் பதிமூன்றைப் பார்த்து யாரும் நடுங்க மாட்டார்கள். இரண்டாவது எண்ணிக்கை 9-வது நிமிடம் வாக்கில், பாதியில் நிற்கலாம். மூன்றாவது இரவில், யாரும் வாய்விட்டு எண்ண வேண்டாம். கேமரா மட்டும் தூண் தூணாக நகர்ந்தால் போதும், பார்ப்பவரே எண்ணிக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தூண் எந்தப் பணத்தில் வந்தது? 1930-களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்குக் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களிடம் இருந்தது. அப்படியானால் பதிமூன்று திரும்பி வராத மாமனாருடையதா, நிலம் இழந்தவனுடையதா? படம் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிற உங்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்க வேண்டும். வீடு இடிகிறதே என்ற ஏக்கத்தோடு மட்டும் நின்றால் அது சுற்றுலா விளம்பரப் படமாகிவிடும்.

செஞ்சை ரசிகன்:

படம் என்றால் முதலில் நம்மூர்ச் சம்பந்தம் உள்ளதிலிருந்தே தொடங்கலாம். காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்து 'நாம் இருவர்' (1947) எடுத்த ஏவி.எம்., சென்னைக்குப் போன பிறகு 1954-ல் தயாரித்தது 'அந்த நாள்'. இயக்கம் எஸ். பாலசந்தர். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்ததை ஒட்டி ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுடப்படுகிறார், யார் சுட்டது என்பதுதான் கதை. (70 வருடப் படம் என்பதால் முடிவைச் சொல்கிறேன்.) தம்பியோடு பாகத் தகராறு, இன்னொரு பெண் தொடர்பு என்று ஒவ்வொரு காரணமாகக் காட்டி, செத்தவர் நாட்டையே காட்டிக்கொடுத்தவர் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கவனிக்க வேண்டியது: தேசபக்தி பற்றிய கேள்வியும் 'கொன்றது யார்' என்ற கேள்வியும் ஒரே விடையில் முடிகின்றன. உங்கள் ஸ்கிரிப்டில் கருத்தும் பயமும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடுகின்றன.

அதே 1954-ல் ஜப்பானில் 'காட்ஜில்லா' வந்தது. அந்த மார்ச்சில்தான் பிக்கினி தீவு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் 23 பேர் இருந்த மீன்பிடிப் படகு மேல் விழுந்திருந்தது. படம் ஒரு கப்பல் அழிவதில் தொடங்குகிறது, அன்றைய ஜப்பானியருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முடிவைப் பாருங்கள்: மிருகத்தைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, அது இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது என்று தானும் சேர்ந்தே சாகிறார். வில்லனைக் கொல்லும் வழியே படத்தின் கேள்வியாகிவிடுகிறது.

மூன்றாவது, 'கெட் அவுட்' (2017) என்ற அமெரிக்கத் திகில் படம். ஒரு தேநீர்க் கோப்பையில் கரண்டி உரசும் சத்தத்தை மட்டும் கவனியுங்கள். உபசரிப்பின் சத்தமே ஆளைக் கட்டிப்போடுகிறது. அந்த வீட்டின் மரியாதைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்ல அதற்கு மேல் வசனம் வேண்டியதில்லை. உங்கள் படத்தில் அந்த இடம் சாக்பீஸுக்கும் சாவிக்கொத்துக்கும்தான். ஊஞ்சல் தானாக ஆடுவதை மட்டும் வைக்காதீர்கள், அதைப் பார்த்து இனி ஒருவரும் பயப்பட மாட்டார்கள்.

இரண்டாங்கட்டு:

படப்பிடிப்பு விஷயம் நான் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. சாவி ஒருவர் கையில் இருக்கும், பாத்தியம் பத்துப் பேருக்கு இருக்கும். சாவிக்காரர் சரி என்றது போதாது. பங்காளிகள் எல்லாரிடமும் எழுத்தில் வாங்குங்கள். சென்னை, மலேசியா என்று இருப்பவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால்கூட நல்லது. இல்லாவிட்டால் இரண்டாம் நாள் காலையில் ஒருவர் வந்து நிறுத்துவார்.

வளவு நடுவில் வானம் திறந்திருக்கும், சுற்றுப்பத்தி இருட்டாக இருக்கும். உச்சி வெயிலில் முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் முற்றம் வெளுத்துப்போகும், முற்றத்துக்கு வைத்தால் முகம் கறுத்துப்போகும். பேனல் இரண்டும் அந்த வெயிலோடு போட்டிபோட முடியாது. வளவுக் காட்சிகளை 6.30-லிருந்து 8.30-க்குள்ளும் மாலை 4.30-க்கு மேலும் வையுங்கள். நடுப்பகலில் உள்ளறைகள். வேறு வழியே இல்லை என்றால் முற்றத்துக்கு மேல் வெள்ளைக் காடாத்துணி கட்டுங்கள், காற்றில் படபடக்காமல் நாலு மூலையிலும் இழுத்து.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். பேனல், ஸ்டாண்டு, ஆள் எல்லாம் அதில் தெரியும். லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைத் திருகினால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் இரவில் கழற்றிவிட்டுக் கேமராவின் கோணத்தை மாற்றுங்கள். நிலைக்கண்ணாடிக்கு இது உதவாது, அதைச் சாய்த்து வைப்பதுதான் வழி.

சத்தம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். சுண்ணாம்புச் சுவர், கல் தரை, உயர்ந்த கூரை. வசனம் எதிரொலித்துக் குழம்பினால் எடிட்டிங்கில் திருப்ப முடியாது. மைக் வாயிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும், ஃபிரேமுக்கு வெளியே நாலு ஜமக்காளம் தொங்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். காட்ஜில்லாவின் உறுமல் டபுள் பேஸ் என்ற பெரிய வாத்தியத்தின் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது. நீங்களும் கடன் வாங்கிய பேய்ச் சத்தத்தைப் போடாமல், தேக்கில் சாக்பீஸ் இழுபடுவதைப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்து, பாதி வேகத்துக்கு இறக்குங்கள். 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்தால் இறக்கும்போது சத்தம் மொத்தையாகாது.

ட்யூப்லைட் எரியும் அறையில் விநாடிக்கு 24 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மினுக்கு வராது. பழைய 5 ஆம்ப் பிளக்கில் பேனலைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள். சாக்பீஸ் எண்ணை ஒவ்வொரு டேக்குக்கும் முன் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கை பட்டு 8 அழிந்து 3 மாதிரி ஆகிவிட்டால் உங்கள் கதையே குழம்பும்.

கோட்டையூரான்:

பதிமூன்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அண்ணே, எல்லாருக்கும். ஒரே சந்தேகம்: அப்பத்தா பேச்சை முழுக்க எடுத்துவிடவா? நடிக்கப்போகும் அம்மா அதை அருமையாகச் சொல்கிறார்.

பர்மாத்தேக்கு:

ஆளை எடுக்காதீர்கள், பேச்சை மட்டும் எடுங்கள். 4-வது நிமிடத்தில் பத்திரத்தில் ஏழு பெயரையும் வாசிக்கிறார்கள். வெற்றிலையை மடித்துக்கொண்டே அப்பத்தா, "ஒரு பேரு விட்டுப்போச்சே" என்கிறார். வயசாகிவிட்டது என்று எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அவருக்கு அந்த ஒரு வரிதான். கடைசியில் அவர் செய்வது ஒன்றுதான்: எல்லாரும் அழிக்கிற எண்ணை அவர் மட்டும் அழிக்காமல், மங்கிப்போன இடத்தில் சாக்பீஸால் திரும்ப எழுதுகிறார். நல்ல நடிகை என்றால் அந்தக் கை போதும்.

முதல் கட் முடிந்ததும் கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். "கருத்து புரிந்ததா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "பதிமூன்று யாருடையது?" என்று மட்டும் கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே பதிலைத் தயங்காமல் சொன்னால் எங்கோ இன்னும் விளக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேடி வெட்டுங்கள். ஒருவருக்குமே பதில் இல்லை என்றால் பத்திரம் வாசிக்கிற காட்சியில் பெயர்கள் வேகமாக ஓடிவிட்டன. முடிவைத் தொடாமல் அந்த 4-வது நிமிடத்துக்குப் போய், ஏழு பெயரும் காதில் விழும்படி பத்து விநாடி கூட்டுங்கள்.