அக்காவின் பெயரை மைக்கில் வாசித்த நாள்

2018 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். அக்கா மதுரைக்கு வெளியே ஒரு தனியார் நூற்பாலையில் சம்பளக் கணக்கு பார்த்தாள். ஆபீஸ் ஆட்களுக்கு வருஷச் சம்பளத்தில் 20 சதவீதம் போனஸ். மாதச் சம்பளத்தை 7,000 என்று வைத்துக் கணக்கிட்டதில் அவளுக்கு 16,800 ரூபாய் வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு 8.33 சதவீதம், ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் கான்ட்ராக்டர் கையால். அவர்கள் கோபம் நியாயமானது. அக்காவே வீட்டில் அதைச் சொல்லி வருத்தப்பட்டாள்.

மில் வாசலில் கூட்டம் நடந்தது. அந்தப் பகுதி மக்கள் பிரதிநிதி ஒருவர் ஒரு தாளை விரித்து, பெயர், தெரு, தொகை என்று மைக்கில் வாசித்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளிடம் அக்கா நகலெடுத்துக் கொடுத்த போனஸ் பதிவேடு அது. பதிவேட்டில் தெரு கிடையாது, அதை அவரே சேர்த்துக்கொண்டார். சதவீதத்தை முடிவு செய்த முதலாளியின் பெயரை வாசிக்கவில்லை. கான்ட்ராக்டர் பெயரும் வரவில்லை.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலேயே கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தார்கள். அன்று இரவு, தினமும் அக்காவோடு குழாயடியில் நிற்கிற பெண் வாசலுக்கு வந்தார். "ஏக்கா, எங்க வயித்துல அடிச்சுத்தான் ஒங்களுக்குப் பதினாறாயிரமா?" அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. காலையில் சுவரில் கரியால் தொகையை எழுதியிருந்தார்கள். அக்கா பையன் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. விளக்குத்தூணில் எடுத்த புதுத்துணி அந்தத் தீபாவளிக்குப் பையை விட்டே வெளியே வரவில்லை.

அப்புறம்தான் அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. விவகாரத்தைத் தேடிப் படித்தேன். 2008 செப்டம்பரில் அரசு 8,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்திய காப்பீட்டு நிறுவனம். 2009 மார்ச்சில் அதன் ஒரு பிரிவு ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் போனதும் நாடே கொதித்தது. நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ சம்மன் அனுப்பிப் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். கனெக்டிகட்டில் அந்த அதிகாரிகளின் வீடுகளுக்குப் பேருந்தில் ஆட்கள் போனார்கள். நிறுவனத் தலைவர் எட்வர்ட் லிட்டி, தன் ஊழியர்களுக்கு வந்த கொலை மிரட்டலை நாடாளுமன்றக் குழு முன்னால் வாசித்துக் காட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களின் பெயரை வெளியிடப் போவதில்லை என்று குவோமோ பிறகு சொன்னார். அங்கே புரண்ட தொகை வேறு, எங்கள் தொகை வேறு. ஆனால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும் பயம் என்ன என்று எனக்குத் தெரியும்.

அக்கா பொங்கலுக்குள் வேலையை விட்டுவிட்டாள்.

உசிலம்பட்டியிலிருந்து இன்னொருவர்:

நான் வேறொரு மில்லில் கான்ட்ராக்டில் இருந்தவன். இதே மாதிரி பெயர் வாசித்த கூட்டத்தில் கை தட்டியிருக்கிறேன். எங்களுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வாசித்த பெயர்களில் ஒன்று, என் பி.எஃப். பணத்துக்காக மூன்று தடவை ஆபீசுக்கு நடந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்த அண்ணனுடையது. அதற்கப்புறம் பஸ்ஸில் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வருஷம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நானே போய்ப் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி இருவருமே எடுக்கவில்லை.